அன்புக்குரிய கள்ளநோட்டுக்காரர்: ‘மிஸ்டர் 880’ கேட்ட கருணையும் கேட்க மறந்த நியாயமும்

எட்மண்ட் கோல்டிங் இயக்கி 1950இல் வெளிவந்த ‘மிஸ்டர் 880’, கள்ளநோட்டு அடிக்கும் ஒரு முதியவரைப் பற்றிய நகைச்சுவைப் படம். பர்ட் லங்காஸ்டரும் டோரதி மெக்வயரும் நாயகன் நாயகியாக வந்தாலும், படம் பார்த்தவர் மனத்தில் தங்கிவிடுபவர் எட்மண்ட் க்வென் நடித்த ‘ஸ்கிப்பர்’ மில்லர்தான். நியூயார்க் நகரத்தில் பழைய பொருள்களை விற்றுக் காலம் தள்ளும் அவர், கையில் காசு தீர்ந்தால் தம்மிடமுள்ள சிறிய அச்சு எந்திரத்தில் ஒரு டாலர் தாள்களை அச்சிட்டுக்கொள்கிறார். தேவைக்கு மேல் அடிப்பதில்லை. அவரைப் பிடிக்க வரும் அதிகாரிக்கே அவர்மேல் பாசம் வந்துவிடுகிறது, பார்வையாளருக்கும் அப்படியே. இந்தப் பாசம் எப்படிக் கட்டி எழுப்பப்பட்டது, அதற்காக எவை ஒதுக்கப்பட்டன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஸ்கிப்பருக்குக் கருணை காட்டும்படி படம் கேட்கிறது. அவர் அன்புக்குரியவர் என்பதே அதற்கு அது சொல்லும் காரணம். படத்துக்கு மூலமான உண்மை வழக்கிலோ அதைவிட உறுதியான காரணம் ஒன்று இருந்தது. குற்றவாளி முதியவர், ஏழை. அவருடைய குற்றம் வயிற்றுப்பாட்டின் அளவைத் தாண்டவில்லை. இந்தக் காரணம் செல்லுபடியாக அவர் இனியவராக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. உறுதியான காரணத்தைக் கைவிட்டு இனிமையான காரணத்தைப் பிடித்துக்கொண்டதுதான் இந்தப் படத்தின் வெற்றி. அதன் குறையும் அதுவே.

முதலில் உண்மை வழக்கு. எமெரிச் யூட்னர் 1876இல் ஆஸ்திரியாவில் பிறந்து, பதின்ம வயதில் அமெரிக்காவுக்குக் குடியேறியவர். எட்வர்ட் முல்லர் என்ற பெயராலும் அறியப்பட்டார். படச்சட்டங்களுக்கு முலாம் பூசும் வேலை பார்த்தார். மணமாகிப் பிள்ளைகள் பிறந்தபின் அடுக்குமாடிக் கட்டடங்களில் கண்காணிப்பாளராக இருந்து குடும்பத்தைக் காப்பாற்றினார். 1937இல் மனைவி இறந்தார். பிள்ளைகள் வளர்ந்து தனியே போய்விட்டார்கள். அறுபதைத் தாண்டிய யூட்னர், நாய் ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தள்ளுவண்டியில் பழைய சாமான் சேகரித்து விற்கத் தொடங்கினார். அதில் வந்த காசு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதவில்லை. பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கவும் அவர் விரும்பவில்லை. புகைப்பட முறையில் அச்சுத்தகடு செய்வது அவருக்கு ஓரளவு தெரியும். ஒரு டாலர் தாளைப் படமெடுத்து, அதைத் துத்தநாகத் தகட்டில் ஏற்றி, கையாலேயே திருத்தி, சமையலறையில் இருந்த கையச்சு எந்திரத்தில் அடிக்கத் தொடங்கினார். 1938 நவம்பரில் பிராட்வேயில் ஒரு சுருட்டுக் கடையில் அவருடைய முதல் தாள் அகப்பட்டது. சீக்ரெட் சர்வீஸ் அந்த வழக்குக்குத் திறந்த கோப்பின் எண் 880. எண்ணே அவருக்குப் பெயராகிவிட்டது. அந்தக் கோப்பை மூட ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆயின.

அந்தத் தாள்களின் தரத்தைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கவேண்டும். காகிதம் எழுதுபொருள் கடையில் கிடைக்கும் மலிவுத் தாள். அசல் நோட்டில் உள்ள வண்ண இழைகள் அதில் கிடையாது. எழுத்துகளும் எண்களும் கோணல். ஜார்ஜ் வாஷிங்டனின் ஒரு கண் கறுப்புத் திட்டாகவே விழுந்திருந்தது. தகட்டைத் திருத்தப்போய் உருவத்தின் கீழுள்ள பெயரில் ‘எஸ்’, ‘எச்’ என்ற இரண்டு எழுத்துகள் இடம் மாறிவிட்டன. அந்தப் பிழையோடேயே தாள்கள் புழக்கத்தில் இருந்தன. இவ்வளவு மட்டமான அச்சு 10 ஆண்டுகள் கைமாறியது எப்படி? நூறு டாலர் தாளைக் கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஒரு டாலரை யாரும் பார்ப்பதில்லை. பார்க்கப்படாதது தாள் மட்டுமல்ல, தந்தவரும்தான். தள்ளுவண்டியோடு வரும் கிழவரின் முகத்தை எந்தக் கடைக்காரரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. ஒரே இடத்தில் இரண்டாம் முறை தாளைத் தருவதில்லை என்ற யூட்னரின் நெறி இந்த மறதிக்குத் துணைசெய்தது.

சீக்ரெட் சர்வீஸின் தோல்விக்கும் இதில் விளக்கம் இருக்கிறது. கள்ளநோட்டை ஒடுக்குவதற்கென்றே 1865இல் நிதித்துறையின் கீழ் தொடங்கப்பட்ட அமைப்பு அது. கள்ளநோட்டுக்காரன் பேராசைக்காரன் என்ற அனுமானத்தின்மேல்தான் அதன் வேலைமுறை முழுவதும் எழுந்திருந்தது. அடிப்பவன் மொத்தமாக அடிப்பான், தரகனுக்கு விற்பான், தரகன் ஆள் வைத்து மாற்றுவான். இந்தச் சங்கிலியில் எங்காவது ஒருவன் காட்டிக்கொடுப்பான். யூட்னருக்குத் தரகரும் இல்லை, கூட்டாளியும் இல்லை. தாள்கள் அகப்பட்ட இடங்களை அதிகாரிகள் மன்ஹாட்டன் வரைபடத்தில் ஊசி குத்திக் குறித்தார்கள். கடைகளுக்கெல்லாம் எச்சரிக்கை அட்டைகளை ஏராளமாக விநியோகித்தார்கள். ஊசிகள் பெருகினவே தவிர ஆள் கிடைக்கவில்லை. ஆசை இல்லாத குற்றத்தைத் தேடும் முறை அவர்களிடம் இல்லை. கடைசியில் அவரைக் காட்டிக்கொடுத்தது ஒரு தீவிபத்து. 1947 டிசம்பரில் மேற்கு 96ஆம் தெருப் பகுதியில் இருந்த அவருடைய குடியிருப்பில் தீப்பற்றியது. தீயணைப்பு வீரர்கள் அவருடைய சாமான்களை அள்ளிச் சந்தில் பனிக்குள் எறிந்தார்கள். அங்கே விளையாடிய சிறுவர்கள் தகடுகளையும் தாள்களையும் பொறுக்கிக்கொண்டு போக, விஷயம் போலீசுக்கு எட்டியது. 1948 ஜனவரியில் கைதானபோது அவர் எதையும் மறைக்கவில்லை. ஓர் ஆளுக்கு ஒரு தாளுக்கு மேல் கொடுத்ததில்லை, அதனால் யாருக்கும் ஒரு டாலருக்கு மேல் நட்டமில்லை என்பதே அவர் சொன்ன சமாதானம்.

இந்தச் சமாதானத்தையும் சோதிக்கவேண்டும். படம் தவிர்த்த இரண்டு கேள்விகளில் முதலாவது இங்கேதான் இருக்கிறது. கள்ளநோட்டின் நட்டம் மறைந்துபோவதில்லை, கைமாறுகிறது. வங்கி அதைக் கண்டுபிடித்தால் பறிமுதல் செய்யும். பதிலுக்கு எதுவும் தராது. கடைசியாக யார் கையில் இருந்ததோ அவர் தலையில் நட்டம் விடியும். பத்திரிகைக் கடைக்காரர், மிட்டாய்க்கடைக்காரர், சிறு மளிகைக்காரர் ஆகியோரே பெரும்பாலும் அந்தக் கடைசி ஆள். ஒரு டாலர் அன்று அற்பத் தொகையும் அல்ல. அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் குறைந்தபட்சக் கூலி முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது 1938 அக்டோபரில். மணிக்கு 25 சென்ட். யூட்னரின் முதல் தாள் அகப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அது. ஆகவே ஒவ்வொரு தாளும் அடிமட்டத் தொழிலாளி ஒருவரின் 4 மணிநேர உழைப்பு. நியூயார்க் சுரங்க ரயிலில் 5 சென்ட் கட்டணம் 1948 வரை நீடித்தது. ஒரு டாலரில் 20 முறை பயணம் செய்யலாம். ஏழை ஒருவர் தம் பசியைப் பிற எளியவர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டுக் கொடுத்தார் என்பதே உண்மைக்கு நெருக்கமான விவரிப்பு. குற்றம் சிறியது என்று சொல்லலாம். நட்டமே இல்லாதது என்று சொல்ல முடியாது.

சட்டம் அவரை எப்படி நடத்தியது? கள்ளநோட்டு அச்சடிப்புக்கு அன்றைய கூட்டாட்சிச் சட்டம் 15 ஆண்டுவரை சிறை விதித்தது. யூட்னருக்கு முதலில் 9 மாதம் என்று தீர்ப்பானது. ஓராண்டுக்கு மேற்பட்ட தண்டனை பெற்றவர்கள் மூன்றில் ஒரு பங்கைக் கழித்ததும் பரோல் கேட்கலாம் என்று விதி இருந்ததால், ஓராண்டும் ஒருநாளும் என்று தண்டனையை நீட்டினார்கள். 9 மாதச் சிறையை 4 மாதமாகக் குறைக்க, ஏட்டில் அதை ஓராண்டுக்கு மேல் கூட்டினார்கள். அபராதம் ஒரு டாலர். 4 மாதம் கழித்து வெளியே வந்தவர் மகள் வீட்டுக்குப் போனார், 1955இல் காலமானார். செயின்ட் கிளேர் மெக்கெல்வே 1949இல் ‘நியூயார்க்கர்’ இதழில் இந்த வழக்கை விரிவாக எழுதினார். அந்த எழுத்திலிருந்தே படம் பிறந்தது. கதையின் உரிமைக்காகக் கிடைத்த பணம், 10 ஆண்டு கள்ள அச்சில் கிடைத்ததைவிட அதிகம் என்று சொல்லப்படுகிறது. நம்பக்கூடியதே. 10 ஆண்டில் அவர் மாற்றியது சுமார் 5,000 டாலர்தான். மாதத்துக்கு 40 டாலர் சொச்சம்.

படம் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டு செய்தது என்ன? ஸ்கிப்பர் வேடத்துக்கு முதலில் வால்டர் ஹூஸ்டன் தேர்வாகியிருந்தார். 1950 ஏப்ரலில் அவர் இறந்துவிட, வேடம் க்வெனுக்கு வந்தது. 1947இல் ‘மிரக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்’ படத்தில் சான்டா கிளாஸாக நடித்து ஆஸ்கார் பெற்றவர் க்வென். அதுவும் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தின் படம். அதிலும் நியூயார்க், அதிலும் ஒரு நல்ல கிழவர், அதிலும் இறுதியில் நீதிமன்றம். ஸ்கிப்பராக அவர் திரையில் தோன்றும்போதே பார்வையாளர் தீர்ப்பை எழுதி முடித்துவிடுகிறார். திரைக்கதை எழுதிய ராபர்ட் ரிஸ்கினுக்கும் இது பழகிய வழி. ஃபிராங்க் காப்ரா இயக்கத்தில் 1936இல் வந்த ‘மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்’ படத்தையும் விசாரணையில் கொண்டுபோய்த்தான் அவர் முடித்தார்; அங்கே நாயகனின் நற்குணமே வழக்கை வெல்கிறது. ஆனால் டீட்ஸும் சான்டாவும் குற்றவாளிகள் அல்லர். அவர்களுடைய மனநிலையே விசாரணைக்கு உள்ளாகிறது. ஒருவர் நல்லவரா, தெளிவானவரா என்ற கேள்விக்கு நற்குணம் நேரான விடை. ஸ்கிப்பர் மீதான வழக்கு வேறு வகை. அவர் குற்றம் செய்தாரா, ஏன் செய்தார், யாருக்குக் கேடு வந்தது என்பவையே அங்கே கேள்விகள். அந்தக் கேள்விகளுக்கும் நற்குணத்தையே விடையாகத் தந்துவிடுகிறது படம். க்வெனுக்கு இந்த வேடம் கோல்டன் குளோப் விருதையும் ஆஸ்கார் பரிந்துரையையும் பெற்றுத்தந்தது. அவர் நடிப்பின் நுட்பத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. வாதத்தின் முழுச் சுமையையும் அந்த நடிப்பின் தோளில் ஏற்றியதுதான் சிக்கல்.

இரண்டு இடங்களில் இது வெளிச்சமாகத் தெரிகிறது. அச்சு எந்திரத்துக்கு ஸ்கிப்பர் ‘கசின் ஹென்றி’ என்று பெயர் வைத்திருக்கிறார். காசு வேண்டும்போது ஹென்றியிடம் போவதாகச் சொல்வார். உறவுக்காரரிடம் கைமாற்று வாங்குவதுபோலக் குற்றம் மென்மையாகிவிடுகிறது. உதவிக்கு ஓர் எந்திரத்தைத் தவிர உறவே இல்லாத முதியவர் என்ற கசப்பான செய்தி அந்தப் பெயருக்குள் இருக்கிறது. படம் அதைச் சிரிப்போடு கடந்துபோகிறது. மற்றொன்று, மெக்வயர் நடித்த ஆன் வின்ஸ்லோ என்ற அண்டைவீட்டுப் பெண். ஐக்கிய நாடுகள் அவையில் மொழிபெயர்ப்பாளரான அவளுக்கு ஒரு நூற்பு ராட்டையை விற்கும் ஸ்கிப்பர், மீதிச் சில்லறையில் தம் தாள்களைச் சேர்த்துத் தருகிறார். அந்தத் தாள்களைத் தொடர்ந்துதான் அதிகாரி அவளிடம் வருகிறார், காதலும் பிறக்கிறது. நட்டம் பட்டவராகப் படம் நமக்கு நெருக்கமாகக் காட்டும் ஒருத்தி, ஸ்கிப்பரை நேசிப்பவளாகவும் அந்த நட்டத்தால் காதலனைப் பெற்றவளாகவும் இருக்கிறாள். மிட்டாய்க்கடைக்காரரின் 4 மணிநேர உழைப்பு கதையிலிருந்து காணாமல்போகும் வழி இதுதான். யாரும் கவனிக்காததால் 10 ஆண்டு தப்பிய ஒரு மனிதரை, எல்லோரும் கவனித்து நேசிக்கும் மனிதராகப் படம் மாற்றிவிட்டது.

படம் தவிர்த்த இரண்டாவது கேள்வி இன்னும் பெரியது: அறுபது வயது தாண்டிய உழைப்பாளி ஒருவர் சமையலறையில் பணம் அடிக்கும் நிலைக்கு ஏன் வந்தார்? அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935இல் நிறைவேறியது. மாதாந்தர ஓய்வூதியம் 1940 ஜனவரியில் தொடங்கியது. முதல் காசோலையின் தொகை 22 டாலர் 54 சென்ட். ஆனால் சுயதொழில் செய்தவர்களும் பண்ணைத் தொழிலாளரும் வீட்டுவேலை செய்தவர்களும் அதன் வரம்புக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். தள்ளுவண்டியில் பழைய சாமான் விற்பவர் சுயதொழில்காரர். அந்த உழைப்பால் அவருக்கு ஓய்வூதிய உரிமை எதுவும் சேராது. வறியவர்களுக்கென்று முதியோர் உதவித்தொகை தனியே இருந்தது. அதைப் பெற ஒருவர் தம் வறுமையை அதிகாரிகள் முன் நிரூபிக்கவேண்டும். சுயதொழில்காரர்களில் பெரும்பகுதியினரை ஓய்வூதியத்துக்குள் கொண்டுவந்த திருத்தச் சட்டத்தில் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டது 1950 ஆகஸ்டு 28இல். ‘மிஸ்டர் 880’ திரைக்கு வந்தது அதையடுத்த சில வாரங்களில். நாட்டின் சட்டமன்றம் முதியோர் வறுமையை உரிமையின் மொழியில் பேசிக்கொண்டிருந்த அதே பருவத்தில், திரையரங்கம் அதைப் பாசத்தின் மொழியில் பேசியது. யூட்னரின் மாதம் 40 டாலரையும் முதல் ஓய்வூதியக் காசோலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவர் தமக்குத் தாமே ஒரு சிறு ஓய்வூதியத்தை அச்சிட்டுக்கொண்டார் என்று சொல்லத் தோன்றும்.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. யூட்னர் உண்மையிலேயே கலகலப்பான, பழக இனிய மனிதர். படம் எதையும் இட்டுக்கட்டவில்லை என்பது ஒன்று. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இனிமை உலகத்துக்குத் தெரிந்தது அவர் பிடிபட்ட பிறகுதான். முகம் சுளிக்கும் கிழவராக இருந்திருந்தால் அவருடைய பசி குறைந்திருக்காது. கடைக்காரர்களின் நட்டமும் கூடியிருக்காது. வழக்கின் நியாயத்தை மாற்றாத ஒன்றை வழக்கின் நடுநாயகமாக்குவது சரியா என்பதே கேள்வி. அடுத்தது, இது நகைச்சுவைப் படம், சமூக ஆய்வைக் கேட்பது பொருந்தாது என்பது. காதலோடு முடிந்திருந்தால் இதை ஏற்கலாம். கதையை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய், அதிகாரியையே கருணை கேட்கவைக்கும் படம், தானாகவே வாதத்தில் இறங்கிவிட்டது. இறங்கியபின் அதன் காரணங்களை எடைபோடுவது நியாயமே. அக்காலத்து ஹாலிவுட் தணிக்கைநெறி குற்றத்தின்பால் அனுதாபம் எழுப்பக்கூடாது என்று கட்டுப்படுத்தியது என்பது மூன்றாவது மறுப்பு. அந்த நெறி குற்றவாளிக்குத் தண்டனை வேண்டும் என்றது. படம் தண்டனையைக் காட்டியது. கருணைக்கான காரணம் வறுமையாக இருக்கக்கூடாது, இனிமையாகத்தான் இருக்கவேண்டும் என்று எந்த நெறியும் சொல்லவில்லை.

வறுமையைக் காரணமாக ஏற்றால் எல்லாக் குற்றத்துக்கும் வாசல் திறந்துவிடும் என்ற அச்சமே மறுப்புகளில் வலுவானது. குற்றமா இல்லையா என்ற தீர்ப்பையும் தண்டனையின் அளவையும் பிரித்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். யூட்னர் குற்றவாளி, அதில் ஐயமில்லை, அவரும் மறுக்கவில்லை. தண்டனையை அளக்கும்போது நோக்கம், தேவை, விளைந்த கேடு, திரும்பச் செய்யும் வாய்ப்பு ஆகியவற்றைச் சட்டம் எப்போதும் கணக்கில் கொள்கிறது. மாதம் 40 டாலர், ஓர் ஆளுக்கு ஒரு தாள், சேர்த்துவைத்த சொத்து எதுவுமில்லை: இவை சரிபார்க்கக்கூடிய சான்றுகள். இவற்றின்மேல் நிற்கும் கருணைக்கு எல்லை உண்டு. தேவையைத் தாண்டி அடித்தவருக்கு அது கிடைக்காது. முகத்தின் இனிமைமேல் நிற்கும் கருணைக்கு அப்படி எல்லை எதுவும் இல்லை. வசீகரமான மோசடிக்காரனுக்கும் அது கிடைத்துவிடும். நாவில் நயமில்லாத ஏழைக்கு அது எட்டாது. அஞ்சவேண்டிய வாசல் இதுதான்.

வேறு வகையில் படம் எடுக்க முடியும் என்பதற்கு அக்காலத்திலேயே சான்று இருக்கிறது. விட்டோரியோ டி சிகா இயக்கி, செசாரே ஸவாட்டினி எழுதி 1952இல் இத்தாலியில் வெளிவந்த ‘உம்பெர்த்தோ டி.’ படத்திலும் ஒரு தனித்த முதியவர், ஒரு நாய், போதாத காசு. ஓய்வுபெற்ற அரசு ஊழியரான அவருடைய ஓய்வூதியத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கே போகிறது. ஓய்வூதியர்களின் ஊர்வலத்தைப் போலீஸ் கலைப்பதோடு படம் தொடங்குகிறது. காரணம் முதல் காட்சியிலேயே நம் முன் வைக்கப்படுகிறது. பிச்சை கேட்கக் கை நீட்டும் உம்பெர்த்தோ, ஒருவர் காசு போட வரும் கணத்தில், மழை விழுகிறதா என்று பார்ப்பவர்போல உள்ளங்கையைத் திருப்பிக்கொள்கிறார். அந்த ஒரு அசைவில் அவருடைய மானமும் பசியும் ஒன்றாகத் தெரிகின்றன. அவர் சிடுசிடுப்பானவர், நம்மைச் சிரிக்கவைக்க முயல்வதில்லை. வேடம் ஏற்ற கார்லோ பத்திஸ்தி தொழில்முறை நடிகர் அல்லர், மொழியியல் பேராசிரியர். பழைய பாத்திரங்களின் அன்பு எதையும் அவர் உடன் கொண்டுவரவில்லை. இத்தனைக்குப் பிறகும் அவர் பக்கம் நிற்கும்படி படம் நம்மைக் கேட்கிறது, நாமும் நிற்கிறோம். நாட்டின் பெயரைக் கெடுப்பதாக அரசுத் தரப்பில் அந்தப் படத்தின்மீது கண்டனம் எழுந்தது. ‘மிஸ்டர் 880’ படத்தால் எந்த அரசுக்கும் சங்கடம் வரவில்லை. முதியவரை மன்னித்த கையோடு அவரைக் கைவிட்ட சமூகத்தையும் அது கேள்வியின்றி மன்னித்துவிட்டது.

இதனால் கோல்டிங்கின் படம் மதிப்பிழப்பதில்லை. குற்றவாளியை மனிதராகக் காணமுடியும், சட்டம் தன் கடுமையைத் தானே தளர்த்திக்கொள்ளமுடியும் என்று பெருந்திரளான மக்களுக்குச் சொன்ன படம் அது. க்வெனின் நடிப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. அந்தப் படத்தை ரசிப்பதில் தவறில்லை. ரசிக்கும்போது ஒரு சோதனையை நமக்குள் வைத்துக்கொள்ளலாம்: அதே முதியவர், அதே வறுமை, அதே 5,000 தாள்கள், ஆனால் பழகக் கடினமான ஒரு மனிதர். அவருக்கும் ஓராண்டும் ஒருநாளும் போதும் என்று சொல்வோமானால் நம்மிடம் இருப்பது நீதியுணர்வு. தயங்குவோமானால், நாம் ஸ்கிப்பருக்குக் கொடுத்தது அவர் நம்மை மகிழ்வித்ததற்கான வெகுமதி மட்டுமே. முதியோர் ஓய்வூதியம் என்ற ஏற்பாட்டின் அறமும் இதில்தான் அடங்கியிருக்கிறது. வாங்குபவர் இனியவரா என்று அது கேட்பதில்லை. வயதையும் உழைப்பையும் மட்டுமே பார்க்கிறது. உண்மை வழக்கு கற்றுத்தந்த அந்தப் பாடம் திரைக்குப் போகும் வழியில் விடுபட்டுப்போனது. அந்தப் பாடத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் இந்தப் படம் முழுமை பெறும்.